எட்டுப் புளியங்கொட்டை

மூன்றாவது வார்த்தைக்கு ரூபி மைனி எழும்பி மேடைக்குப் போகும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. மகள் பெனிட்டா அப்போதுதான் எப்சிபாவின் மடியில் கண்ணசந்திருந்தாள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் சேர்ந்தாலும் இத்தனை கனம் இருக்காது, தூங்கிவிட்டால் தலை மட்டும் இரும்புக் குண்டாகிவிடுகிறது. இடது தொடை மரத்துப்போய், இந்தக் கால் தன்னுடையதா பக்கத்தில் இருக்கும் லில்லி அக்காவுடையதா என்று கிள்ளிப் பார்த்தால்தான் தெரியும் போலிருந்தது எப்சிபாவுக்கு. பெரிய வெள்ளி. வருசத்தில் இன்றைக்கு ஒருநாள்தான் இந்த ஊர் வேதக்கோயிலில் மணி அடிக்கமாட்டார்கள், பூ வைக்கமாட்டார்கள், பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சேலையில் வந்து பாயில் உட்கார்ந்து, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல், ஆண்டவர் சிலுவையில் தொங்கிக்கொண்டு சொன்ன ஏழு வார்த்தையை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவதைக் கேட்பார்கள். நாலாவது வார்த்தை எப்சிபாவுக்கு. வீட்டுக்காரரின் அக்கா இந்த மைனி முடிக்க வேண்டும், ஒரு பாட்டு, அப்புறம் இவள். பேச வேண்டியதைக் கோயிலை நடத்துகிற உபதேசியார் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார், அது வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் பைக்குள், பால் போத்தலுக்கும் துவாலைக்கும் நடுவில், சத்தத்தை அடைத்து வைத்திருக்கிற போனில் இருந்தது.

புதன்கிழமை கத்தாரிலிருந்து அவள் வீட்டுக்காரர் கிளாட்சன் போனில் பேசிப் பதிந்து அனுப்பியது. அதைப் போட்டுக் கேட்க வேண்டியதே இல்லை, மனப்பாடம். "எப்சி, கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுதான். போடட்டா? நீ சொல்லு. சனிக்கிழமை காலையில பேப்பரக் குடுக்கணும், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிரு." அவ்வளவுதான். ஆனால் அதோடு அது முடியவில்லை, அதுதான் விசயம். சொல்லிரு என்றதற்குப் பிறகு விரலை எடுக்க மறந்தாரோ என்னவோ, ஐந்தாறு வினாடி பேச்சு இல்லாமல் ஓடுகிறது, ஏதோ மெசின் இரைகிற சத்தம், யாரோ தூரத்தில் வாளி இழுக்கிற சத்தம், அப்புறம் ஒரு மூச்சு. அந்த ஐந்தாறு வினாடியைத்தான் அவள் புதன் ராத்திரியிலிருந்து காதில் வைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பேசினதை அல்ல. பேசினதற்குப் பதில் அவளிடம் தயாராக இருக்கிறது, மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தாயிற்று: சரிங்க, போடுங்க, நாங்க நல்லா இருக்கோம். நாங்க நல்லா இருக்கோம். மூன்று வருசமாக ஒரே வசனம், இப்போதெல்லாம் நா என்று அடித்தாலே மீதியை போனே எழுதிக்கொள்கிறது.

"ஏட்டி, ஒன் மைனி ஆரம்பிச்சான்னா ஏழு வார்த்தையையும் அவளே முடிச்சிருவா. நீ பிள்ளைய நல்லா நீட்டிப் போட்டுத் தூங்க வை" என்று லில்லி அக்கா விசிறியின் மறைவில் சொன்னாள். எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்து, பெரிய வெள்ளியில் சிரித்தால் என்ன ஆகும் என்று சின்ன வயசில் பயமுறுத்தினதெல்லாம் ஞாபகம் வந்து, உதட்டை மடக்கிக்கொண்டாள். சிரித்த மூஞ்சி எப்சி. இந்த நாலாவது வார்த்தையே அந்த மூஞ்சியால் வந்ததுதான். குருத்தோலை ஞாயிறு அன்றைக்குக் கோயில் முகப்பில் ஏழு சீட்டு குலுக்கிப் போட்டார்கள், வழக்கம்போல. இவள் எடுத்தது ஐந்தாவது, தாகமாயிருக்கிறேன். எவ்வளவு லேசு, ஊரில் தண்ணி வராததைப் பற்றி நாலு வார்த்தை, ஜீவத்தண்ணீரைப் பற்றி நாலு வார்த்தை, முடிந்தது. நாலாவது தவமணி சாருக்கு வந்தது, நாற்பது வருசம் வாத்தியாராக இருந்தவர், சீட்டைப் பிரித்ததும் தொண்டையைத் தடவ ஆரம்பித்துவிட்டார். இந்த ஊரில் நாலாவதை எடுத்தவர்கள் எல்லாருக்கும் தொண்டை கட்டும், ஒரு வருசம் ஒருத்தருக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது. என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று ஆண்டவரே கேட்கிறார், அதை எடுத்து எப்படிப் பேசுவது, கொஞ்சம் பிசகினாலும் தப்பாகிவிடும். "எம்மா எப்சிபா, எங்கூட மாத்திக்கிடுதியா? நீ சிரிச்ச மூஞ்சியா நின்னு சொன்னா சனங்களுக்குக் கனம் தெரியாது" என்றார் சார். "நீங்க அழுத மூஞ்சியா நின்னு தண்ணி கேளுங்க சார்" என்று இவள் சொல்ல, எல்லாரும் சிரிக்க, சீட்டு கைமாறிவிட்டது.

மைனி மேடையில் நிமிர்ந்து நின்று, அன்பின் சகோதர சகோதரிகளே என்றாள். நல்ல குரல். அம்மாவைச் சீடனிடம் ஒப்படைத்த வார்த்தை மைனிக்கு, அது யோவான் எழுதினதில் மட்டும்தான் இருக்கிறது. மட்டும்தான் என்பது எப்சிபாவுக்கே போன செவ்வாய்க்கிழமைதான் தெரியும். அன்றைக்கு மத்தியானம் அத்தை, கிளாட்சனின் அம்மா, கட்டிலில் சாய்ந்திருந்தாள், பிள்ளை தூங்கினாள், எப்சிபா சமையல்கட்டில் புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள், சரி, தனக்கு வந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. ஒரு புத்தகத்தில் முன்னும் பின்னும் புரட்டினால் இடம் தவறிப்போகிறது. வீட்டிலிருந்த நாலு வேதப்புத்தகத்தையும் எடுத்துவந்து தரையில் வரிசையாக விரித்தாள்: கல்யாணத்துக்குக் கொடுத்தது, அத்தையின் பெரிய எழுத்து, பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் போட்டிக்கு வாங்கினது, அட்டை போன ஒன்று. ஒன்றில் மத்தேயு, ஒன்றில் மாற்கு, லூக்கா, யோவான். எங்கெல்லாம் சிலுவையில் வாயைத் திறந்து பேசுகிறாரோ அங்கெல்லாம் ஒரு புளியங்கொட்டை வைத்தாள். லூக்காவில் மூன்று. யோவானில் மூன்று. மாற்கில் ஒன்று. மத்தேயுவில் ஒன்று. எட்டு. ஏழு வார்த்தைக்கு எட்டு எப்படி வரும், கணக்கு தப்பு என்று மறுபடி எண்ணினாள். எட்டுதான். அப்புறம்தான் பிடிபட்டது, மாற்கிலும் மத்தேயுவிலும் இருப்பது ஒரே வார்த்தை, அவளுக்கு வந்த வார்த்தை. அந்த இரண்டு புத்தகத்திலும் சிலுவையில் அதைத் தவிர அவர் ஒன்றுமே பேசவில்லை. லூக்காவில் அந்த வார்த்தையே இல்லை. யோவானிலும் இல்லை.

கோயில் சுவரில் ஏழு வார்த்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நீல எழுத்தில் எழுதியிருக்கிறது, இதோ, மைனியின் தலைக்கு மேலேயே. சின்னப் பிள்ளையிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து, ஒரே ஆள் அந்த வரிசையில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார் என்றே எப்சிபா நினைத்திருந்தாள். ஊரே அப்படித்தான் நினைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை தரையில் குத்தவைத்து ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனியாகப் படித்தபோது ஒரே சிலுவையில் ஆள் மாறி மாறித் தொங்கினார். லூக்காவின் ஆள் கடைசிவரைக்கும் மற்றவர்களுக்குத்தான் ஆறுதல் சொல்கிறார், வழியில் அழுகிற பெண்களைப் பார்த்து எனக்காக அழாதீங்க என்கிறார், ஆணி அடித்தவனை மன்னிக்கச் சொல்கிறார், பக்கத்துச் சிலுவைக்காரனுக்கு இடம் போட்டுக் கொடுக்கிறார், அப்பா கையில் உயிரைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். யோவானின் ஆள் வீட்டுப் பெரியவர் மாதிரி, சிலுவையைத் தானே சுமக்கிறார், அம்மாவுக்கு ஏற்பாடு செய்கிறார், எல்லாம் முடிந்தது என்று அவரே சொல்லி அவரே தலையைச் சாய்க்கிறார். மாற்கின் ஆளுக்கு யாரும் இல்லை. பக்கத்துச் சிலுவை இரண்டுபேருமே வைகிறார்கள். அம்மா நிற்கிறதாக எழுதவே இல்லை, பெண்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்வி. அதைக்கூட முதலில் அவருடைய சொந்த பாஷையில் அப்படியே வைத்துவிட்டு அப்புறம்தான் அர்த்தம் சொல்லியிருக்கிறது, உடனே மாற்றிச் சொல்ல மனசு வரவில்லை போல. அப்புறம் ஒரு சத்தம் போட்டுவிட்டுச் செத்துப்போகிறார். மத்தேயுவும் அதேதான், கூடப் பூமி அதிர்ந்தது, பாறை பிளந்தது. உபதேசியாரிடம் கேட்டாள், "இதுல எது நெசம் ஐயா?" அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நாலையும் சேத்துப் படிக்கணும்மா, தனித்தனியாப் படிக்கப்பிடாது" என்றார். அப்படித்தான் அந்த இரண்டு பக்கம் வந்தது. சேர்த்துப் படித்தால் ஒன்றும் தெரியவில்லை ஐயா, ஒரு வார்த்தை கேட்டு முடிக்கிறதுக்குள்ளே இன்னொரு வார்த்தை வந்து வாயை மூடிவிடுகிறது என்று சொல்ல நினைத்தவள், தாளை வாங்கி வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

பின்வாசலில் கஞ்சி கொதிக்கிற வாசம் வந்தது, பூண்டும் வெந்தயமும். மூன்று மணிக்கு மேல்தான் கஞ்சி. தனித்தனியாகப் படித்ததில்தான் அந்தக் கெட்ட பழக்கம் வந்துவிட்டது அவளுக்கு, அதற்கப்புறம் கிளாட்சனைப் பற்றி யார் எப்போது சொன்னது ஞாபகம் வந்தாலும் இவள் மனசுக்குள் ஒரு கொட்டையை எடுத்து வைக்கிறாள். அத்தை ஞாயிற்றுக்கிழமை போன் பேசிவிட்டு வந்து சொல்வாள், "எம் மவன் அங்க ராசா கணக்கா இருக்கான், நீ அழாத அம்மான்னு சொல்லுதான்." ரூபி மைனி சொல்வாள், "தம்பி எல்லாம் யோசிச்சுத்தான் செய்வான்." அப்புறம் மேகலா. கத்தாரில் கிளாட்சன் அறையிலேயே தங்கியிருக்கிறவரின் பெண்டாட்டி, பக்கத்து ஊர். போன மாசம் பஸ்ஸில் பார்த்தபோது தயங்கித் தயங்கித்தான் சொன்னாள், "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. எங்க வீட்டுக்காரவிய சொன்னாவ, அண்ணன் இப்பல்லாம் யார்கூடவும் பேசுறதில்லையாம். சோத்துத் தட்ட எடுத்துட்டு செவரப் பாத்து உக்காந்துக்கிடுதாவளாம்." சுவரைப் பார்த்து. அதே ஆள்தான் இவளிடம் வீடியோவில் வந்து, "என்னட்டி, ஒன் சேலையக் கட்டிக்கிட்டு வேற யாரோ நிக்கா" என்று கேலி பேசுகிறார். எந்தப் புத்தகம் நெசம்? நாலையும் சேர்த்துப் படி என்றால் ராசா மாதிரி இருக்கிற ஒருவர் யோசித்துச் செய்கிறார், கேலி பேசுகிறார், சுவரைப் பார்க்கிறார். சுவர் காணாமல் போய்விடுகிறது.

அவர் மட்டுமா. இவளும்தான். போன் வருகிற நேரத்துக்கு மூஞ்சியைக் கழுவி, பவுடர் போட்டு, வெளிச்சம் நல்லா விழுகிற ஜன்னல் பக்கம் போய் நின்று, பிள்ளைக்கு அக்குளில் கிச்சு மூட்டிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் பச்சைப் பொத்தானை அமுக்குவாள். ஐப்பசியில் டைபாய்டு வந்து பதினோரு நாள் படுத்துக் கிடந்ததை லேசாச் சளி என்று சொன்னாள். வாசலில் பாம்பு வந்ததைச் சொல்லவில்லை. பஸ்ஸிலோ கடையிலோ யார் போன் அடித்தாலும், அவர் போகும்போது வயிற்றில் இருந்த பெனிட்டா துள்ளிக்கொண்டு அப்பா என்கிறாளே, ஆளைக் காட்டி இல்லை, சத்தத்தைக் காட்டி, அதைச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் சாயங்காலம் ஐந்து மணியானால் வீட்டுக்குள் ஒரு பாத்திரத்தைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் என்று வருகிறதே, அது யாருக்குத் தெரியும். மூன்று வருசமாக அவருக்கு ஒரு புத்தகம் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறாள், அதில் எப்சி என்று ஒருத்தி சிரிக்கிறாள். அதைப் படித்துவிட்டுத்தான் அவர் போடட்டா என்று கேட்கிறார். வேறு எதைப் படிப்பார் பாவம். அப்படியென்றால் தொங்குவது யார், தூரத்தில் நிற்பது யார்? ஒருசமயம் அவர் தொங்குகிறார், இவள் தூரத்தில் நின்று பார்க்கிறாள். ஒருசமயம் மாறிவிடுகிறது. கைவிட்டது என்று சொன்னால் வாய் அழுகிப்போகும், அவர் யாருக்காகப் போனார். ஆனால் கேள்வி கேள்விதானே. வா என்று இவள் சொல்லி, வந்து, அதனால் ஏதாவது ஆகிவிட்டால், நீதானே வரச் சொன்னாய் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லிவிட்டால். சரி என்று சொன்னால் அந்தப் பயம் இல்லை. சரி என்று சொல்கிறவளை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் பார்க்கிறது ஏசி மெக்கானிக் வேலை, தூத்துக்குடியிலும் ஏசி ஓடத்தான் செய்கிறது, ரிப்பேரும் ஆகத்தான் செய்கிறது. ஆனாலும்.

"ஒரு சாட்சி சொல்லி முடிக்கிறேன்" என்றாள் மேடையில் மைனி, எப்சிபாவுக்குக் காது அந்தப் பக்கம் திரும்பியது. "என் தம்பி கிளாட்சன். தூர தேசத்தில் இருந்தாலும் தாயை மறக்காத பிள்ளை. இன்னும் ரெண்டு வருசம் இருந்து எல்லாக் கடமையையும் முடிச்சிட்டுத்தான் வருவேன்னு எங்கிட்ட சொல்லிட்டான். தாய்க்குப் பிள்ளை இப்படி இருக்கணும்." ஆண்கள் பக்கம் ஒருத்தர் ஆமென் என்றார். பாயில் முன்னாலிருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி எப்சிபாவைப் பார்த்தன, கொடுத்துவைத்தவள் என்பதுபோல. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சொல்லவே இல்லியே கள்ளி" என்று லில்லி அக்கா இடுப்பில் இடித்தாள். எப்சிபாவின் முகம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, முகம் தானாகச் சிரித்துவிட்டது, நா என்று அடித்தால் மீதியை எழுதிக்கொள்கிற போன் மாதிரி. சொல்லிட்டானா? எப்போது? புதன்கிழமைக்கு முன்னாலா பின்னாலா? மைனி பொய் சொல்கிறவள் இல்லை. அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். அவளிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார். இவளிடம் மட்டும்தான் போடட்டா என்று கேட்டார். கேட்டுவிட்டு விரலை எடுக்காமல் ஐந்தாறு வினாடி நின்றார்.

பாட்டு ஆரம்பித்து, பாட்டு முடிந்தது. எழும்பினபோது மரத்த கால் மடங்கியது, பிள்ளை விழித்துக்கொண்டு லில்லி அக்காவிடம் போகமாட்டேன் என்று கழுத்தைக் கட்டிக்கொண்டது. இடுப்பில் வைத்துக்கொண்டே மேடை ஏறினாள். உபதேசியாரின் தாளை விரித்தாள். பிதாவானவர் நம்முடைய பாவங்களின் நிமித்தம் முகத்தை மறைத்தார், ஆனாலும் முடிவிலே, என்று ஆரம்பித்தது. பெனிட்டா அந்தத் தாளை எட்டிப் பிடித்துக் கசக்கினாள். எப்சிபா அதைப் பிடுங்கவில்லை. எல்லாரும் அவள் முதலில் ஏதாவது சிரிக்கிற மாதிரி சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் நாலு புஸ்தகத்தையும் விரிச்சு வச்சுப் பாத்தேன். லூக்காவுல இந்த வார்த்தை இல்ல. யோவான்லயும் இல்ல. அவிய ரெண்டு பேரும் வேற எழுதியிருக்காவ, அதுவும் நல்ல வார்த்தைதான். மாற்குலயும் மத்தேயுவுலயும் சிலுவையில இது ஒண்ணுதான். முன்னால ஒண்ணும் இல்ல, பின்னால ஒரு சத்தம் மட்டும் இருக்கு. நாமதான் பின்னால மூணு வார்த்தையக் கொண்டுவந்து ஒட்டிருதோம், கேட்டு முடிக்கதுக்குள்ள சமாதானம் பண்ணிருதோம்." முகம் சிரிக்கப் பார்த்தது, விடவில்லை. "அவருக்கு அங்க ஒரு பதிலும் வரல. ஆனா அவர் கேட்டது தப்புன்னு ஒருத்தரும் எழுதல. எனக்கு அம்புட்டுதான் தெரியும்." இறங்கிவிட்டாள். இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை. உபதேசியார் பாட்டுப் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார், முதல் வரிசையில் தவமணி சார், இன்னும் கால்மணி நேரம் இருக்கிறது என்று கழற்றி வைத்திருந்த கண்ணாடியைத் தேடினார். எப்சிபா பாயில் உட்காரவில்லை. பையை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே வந்தாள்.

வெயில் செம்மண்ணில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கோயில் சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு நிழல் இருந்தது, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அங்கே இப்போது மணி பத்தே முக்கால், லீவு நாள், அறையில்தான் இருப்பார். பெனிட்டா போனைப் பார்த்து அப்பா என்றாள். எப்சிபா நா என்று அடித்தாள், மீதி வந்து நின்றது, அழித்தாள். பிறகு பேசுகிற பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். பவுடர் இல்லை, வெளிச்சம் பார்க்கவில்லை, குரலைக் கழுவவும் இல்லை. "கையெழுத்துப் போடாதீங்க. வாங்க. எனக்கு முடியல." வேறு என்னென்னவோ வாய்வரை வந்தது, அவர் ஒன்றும் நினைக்கக் கூடாது, அத்தை நல்லா இருக்காவ, பிள்ளை நல்லா இருக்கு, நாங்க, நாங்க. ஒன்றையும் ஒட்டவில்லை. விரலையும் எடுக்கவில்லை. காற்று பனைகளில் உரசிக்கொண்டு போயிற்று, பிள்ளை மூச்சு விட்டது, இவள் மூச்சு விட்டாள். முதுகுக்குப் பின்னால் சுவருக்குள்ளே தவமணி சார் தொண்டையைச் செருமி, குலுக்கலில் இவள் கைக்கு வந்து, இவள் மாற்றிக்கொடுத்துவிட்ட ஐந்தாவது வார்த்தையைத் தழுதழுத்த குரலில் படித்தார்: தாகமாயிருக்கிறேன். அதுவும் சேர்ந்து போகட்டும் என்று எப்சிபா அமுக்கிப் பிடித்தபடியே நின்றாள்.